மாதிரித் தெருவின் மாதம்மா

முப்பத்துநான்கு வயது வரைக்கும் மாதம்மா கட்டி முடித்த வீடு எதிலும் குடியிருந்ததில்லை. ஹனூர்ப் பக்கத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் சென்னப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்தவள். சென்னப்பன் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிறவர். எந்த மனையில் வேலையோ அந்த மனையின் மூலையிலேயே நாலு தகரத்தைச் சாய்த்துக் குடித்தனம் தொடங்கும். தளம் போட்டுப் பலகை பிரித்ததும் கீழ் அறை ஒன்றுக்குள் அடுப்பு இடம் மாறும். சன்னலுக்குக் கண்ணாடி போடும் வாரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்விடுவார்கள். சரஸ்வதிபுரம், குவெம்பு நகர், ராமகிருஷ்ண நகர் என்று அப்படிப் பதினான்கு வீடுகளை அவள் என்னிடம் விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறாள்.

“பெயிண்டு வாசன வந்துச்சுன்னா நாங்க கெளம்போணும்னு அர்த்தமுங்க,” என்றாள்.

பிள்ளைகள் இல்லை. அவள் சித்தாள் வேலைக்குப் போவாள். அதிலும் ஒரு வேலைக்கு அவளைத் தேடி வந்து அழைப்பார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். இரும்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி, பொடியை விரலிடுக்கில் சீராக விட்டுக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். மாதம்மா போட்ட கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பார்கள்.

நான் அவளை அறிந்தது 1996-இல், ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு சிறிய தெருவில் ஐந்தாம் எண் வீட்டுக்கு நான் வாடகைக்கு வந்தபோது. அவளும் சென்னப்பனும் ஏழாம் எண்ணில் இருந்தார்கள். அந்தத் தெருவில் எட்டே வீடுகள். பக்கத்துக்கு நான்காக எதிரும் புதிருமாக, ஒன்றுக்கொன்று அணுவளவும் வித்தியாசம் இல்லாமல் நின்றன. சுவரும் கான்கிரீட், கூரையும் கான்கிரீட். யாருக்காக இப்படிக் கட்டினார்கள் என்று ஒருநாள் கேட்டேன். பிறகு பல நாட்களில், துண்டு துண்டாகச் சொன்னாள். சிலவற்றைச் சென்னப்பனும், சிலவற்றை எஞ்சினியர் ஹரிப்ரசாதும் சொன்னார்கள்.

1993 செப்டம்பர் கடைசியில் லாத்தூர்ப் பக்கம் நிலநடுக்கம் வந்தது. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து ஊரெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நேரம். கல்லும் மண்ணுமாகக் கனத்துக் கிடந்த கூரைகள் அப்படியே ஆட்கள் மேல் உட்கார்ந்துவிட்டன. பிறகு பல திசைகளிலிருந்தும் வீடு கட்டித் தர ஆட்கள் கிளம்பினார்கள். மைசூரில் ஒரு கம்பெனிக்கு, மகாராஷ்டிர எல்லைப்புறத்தில் இருந்த ஹொன்னவாடி என்ற ஊருக்கு வீடு செய்து அனுப்பும் வேலை கிடைத்தது. சுவர்களையும் கூரைகளையும் கான்கிரீட் பலகைகளாக இங்கேயே அச்சில் வார்த்து, லாரியில் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வரைபடத்தில் அவை கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் போல வரிசை வரிசையாக இருந்தன. நாற்பதடிச் சாலைகள் ஒன்றையொன்று நேராக வெட்டிக்கொண்டு போயின.

ஹெப்பாளுக்கு அப்பால் இருந்த பெரிய காலி இடத்தில் வார்ப்புக் கூடம் போட்டார்கள். அதன் ஓரத்தில், வருகிறவர்களுக்குக் காட்ட, மாதிரிக்காக எட்டு வீடுகள் எழுப்பினார்கள். கூடத்தில் இருந்தவர்கள் அதை மாதிரித் தெரு என்றே சொன்னார்கள். சென்னப்பன் அங்கே கம்பி கட்டினார். வார்த்த பலகைகளுக்குத் தண்ணீர் விடுவது மாதம்மாவின் வேலை.

அந்தக் கூடத்தின் எஞ்சினியர் ஹரிப்ரசாத் மேலுகோட்டை வழிக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ் பேசுகிறவர். டிசம்பரில் ஒருநாள் அவர் மாதம்மாவைக் கூப்பிட்டு, மூன்றாம் எண் வீட்டில் குடியேறச் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் வெறும் வீட்டைப் பார்த்தால் நம்பமாட்டார்கள், உள்ளே அடுப்பு எரிய வேண்டும் என்றார்.

“உங்களுக்கு வேலையே இல்ல, மாதம்மா. உள்ள வாழணும். அஷ்டே, அவ்வளவுதான்,” என்றார்.

பெயிண்ட் வாசனை போகாத வீட்டுக்குள் அவள் முதல்முறையாக மூட்டையைப் பிரித்தாள். இரண்டு அறை, சின்னச் சமையலறை, பின்னால் ஒரு கதவு. முதல் வாரம் அவள் எதையும் ஆணியில் மாட்டவில்லை. மாட்டினால் எடுக்க வேண்டிவரும் என்ற பழக்கம்.

மற்ற ஏழு வீடுகளும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. அவற்றிலும் ஆள் இருப்பது போலத் தோன்ற வேண்டும் என்று கம்பெனி சொன்னது. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், இரண்டு தட்டு, ஒரு குடம், ஒரு காலண்டர் வைத்தார்கள். காலையில் எட்டு வாசலும் தெளித்துக் கோலம் போடுவாள். பொழுது சாய்கையில் எட்டு வீட்டிலும் விளக்குப் போடுவாள். எட்டுக் காலண்டரிலும் தாள் கிழிப்பாள். ஒருநாள் ஆறாம் எண் வீட்டில் கட்டில் விரிப்பு கசங்கியிருந்தது. நீவிவிட்டு வந்தாள். மறுநாளும் கசங்கியிருந்தது. வார்ப்புக் கூடத்து ஆள் யாராவது மத்தியானம் வந்து படுத்திருப்பான் என்று சென்னப்பன் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த வீட்டின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை தட்டிவிட்டுத் திறக்க ஆரம்பித்தாள். தட்டியதற்காக வெட்கப்பட்டதாகவும், ஆனாலும் விட முடியவில்லை என்றும் என்னிடம் சொன்னாள்.

ஹொன்னவாடிக்காரர்கள் பிப்ரவரியில் வந்தார்கள். வீட்டைப் பார்த்துச் சம்மதம் சொல்வதற்காக ஊர் சார்பில் பதினொரு பேர். ஏழு ஆண், நாலு பெண். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் விட்டோபா. அறுபது வயது, வலது கை முழங்கையோடு மடங்கி ஒட்டிப் போயிருந்தது. பெண்களில் மூத்தவள் காசிபாய். எல்லைப்புற ஊர் என்பதால் மராட்டியும் கன்னடமும் கலந்து பேசினார்கள். அவர்கள் கன்னடம் மைசூர்க் கன்னடம் இல்லை. சொற்களைக் கல்லில் தட்டி எடுப்பது போல இருக்கும். மாதம்மாவுக்கு முதல் நாள் பாதிதான் புரிந்தது.

பன்னிரண்டு நாள் அந்த ஏழு வீடுகளில் தங்கிப் பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவர்கள் ஒருவரும் உள்ளே போகவில்லை. வாசல் வரை போவார்கள், கையை மட்டும் உள்ளே நீட்டிச் சுவரைத் தடவுவார்கள், திரும்பிவிடுவார்கள். படுக்கை மணல் குவியலின் மேல். பனிக்குப் போர்வை கொடுத்தார்கள். விட்டோபா நாளுக்கு நாலு முறை ஒவ்வொரு வீட்டையும் சுற்றிவந்து சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். பக்கத்துச் சாலையில் கனமான லாரி போனால் சன்னல் கம்பி லேசாக அதிரும். அப்போது பதினொரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். லாரி போன பிறகு ஒரே நேரத்தில் உட்காருவார்கள்.

மாதம்மா சமைக்கும்போது பெண்கள் சன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். அவள் மாவு பிசைவதையோ குழம்பு கொதிப்பதையோ அவர்கள் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே இருந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவளுக்குக் கை ஓடவில்லை. மூன்றாம் நாள் வெளியே வந்து காசிபாய்க்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். காசிபாய் வாங்கிக்கொண்டு, படுக்கும்போது கூரையைப் பார்த்துப் படுப்பாயா, பக்கவாட்டில் படுப்பாயா என்று கேட்டாள். பக்கவாட்டில் என்றாள் மாதம்மா. காசிபாய் தலையாட்டினாள். தனக்கு வேண்டிய பதில் கிடைத்ததா இல்லையா என்று காட்டிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் மத்தியான வெயிலில் மாதம்மா அதைக் கவனித்தாள்.

மாதிரித் தெருவின் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய். குழாய்க்கும் மணல் குவியலுக்கும் நடுவே பலகை அடுக்குவதற்காக விட்டிருந்த வெற்று மைதானம். ஒரு புல் பூண்டு கிடையாது. காசிபாய் குடத்தோடு குழாயிலிருந்து கிளம்பினாள். நேராக நடந்தால் ஐம்பதடியில் மணல் குவியல். ஆனால் அவள் பத்தடி நடந்து வலது பக்கம் திரும்பினாள். கொஞ்ச தூரம் போய் இடது பக்கம். ஓரிடத்தில் தாழ்ந்த நிலைப்படிக்குக் குனிவது போலத் தலையைக் குனிந்து, ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்தாள். எதிரே விட்டோபா வந்தார். சுற்றிலும் அவ்வளவு இடம் இருக்க, இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, உடம்பை ஒடுக்கி, ஒருவரையொருவர் கடந்து போனார்கள்.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று மாதம்மா முதலில் நினைத்தாள். சாயங்காலம் வரை அங்கேயே நின்று பார்த்தாள். பதினொரு பேரும் அப்படித்தான் நடந்தார்கள். ஒரே இடத்தில் திரும்பினார்கள், ஒரே இடத்தில் குனிந்தார்கள். ஒருவரும் இன்னொருவரைப் பார்த்துச் செய்வதாகத் தெரியவில்லை. ஒருத்தி ஓரிடத்தில் நின்று, எதிரே ஒன்றுமே இல்லாத பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாதம்மா காசிபாயிடம் கேட்டாள். அவள் ஒளிக்கவில்லை. வந்த அன்று விட்டோபா, இங்கே கிணறு எங்கே என்று தேடினாராம். இந்தக் குழாயைக் கண்டதும் இதுதான் கிணறு என்று சொல்லிவிட்டார். கிணறு எது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எங்கே என்று எங்களுக்குத் தெரியும் என்றாள்.

“அங்க நீ முந்தானைய இழுத்துக்கலயே, தங்கி. அது அனுமார் கோயில் முன்னாடி,” என்றாள் காசிபாய். தங்கி என்றால் அவர்கள் பேச்சில் தங்கை.

மாதம்மா இதை ஹரிப்ரசாதிடம் போய்ச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாளாம். அவர் நல்ல மனிதர். கேட்டவுடன் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஊர் எப்படி இருந்தது என்று வரைந்து காட்டச் சொல்லி நாலு நாளாக அவர் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குக் காகிதத்தில் வரவில்லை. இப்போது ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி கொண்டுவரச் சொல்லி, மாதம்மாவிடம் சட்டியைக் கொடுத்தார். அவர்கள் நடக்க வேண்டியது, அவள் கோடு போட வேண்டியது.

அந்த வேலை இரண்டு நாள் நடந்தது. காசிபாய் முன்னால் நடப்பாள். மாதம்மா குனிந்தபடி பின்னோக்கி வந்து கோடு இழுப்பாள். ஒரு திண்டு அரை அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பெண்கள் வாக்குவாதம் செய்வார்கள். விட்டோபா வந்து தீர்த்துவைப்பார். ஊர் முழுவதும் இல்லை. அவர்களுடைய சந்து மட்டும். நாற்பத்துமூன்று வீடு. ஒவ்வொரு வீட்டின் கோடும் முடிந்ததும் விட்டோபா நடுவில் போய் நின்று, அதில் யார் யார் இருந்தார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்று சொல்வார். ஹரிப்ரசாத் எழுதிக்கொள்வார். ஒன்பது வீட்டில் இப்போது யாருமே இல்லை. அந்த ஒன்பதும் கம்பெனியின் பட்டியலில் கிடையாது. ஆளில்லாத வீட்டை யார் பேரில் எழுதுவது? அவற்றைப் போட வேண்டாம் என்று ஹரிப்ரசாத் தயங்கிச் சொன்னார்.

விட்டோபா கோபப்படவில்லை. அதை விட்டுவிட்டால் சந்து சேராது, பக்கத்து வீட்டுக்கு எப்படிப் போவது என்று மட்டும் கேட்டார். ஒன்பதையும் போட்டார்கள்.

கிணற்றிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு வந்தபோது கோடு மைதானத்தில் நிற்கவில்லை. நேராக மாதிரித் தெருவின் மூன்றாம் எண் வீட்டுக்கே வந்தது. காசிபாய் பின்கதவுக்கு முன்னால் நின்றாள். மாதம்மா பின்னோக்கி வந்து, தன் குதிகால் தன் வீட்டுச் சுவரில் இடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“இது கங்குவோட வீடு,” என்றாள் காசிபாய். பிறகு கதவைப் பார்த்து, “நீ கங்கு வீட்டுலதான் இருக்க,” என்றாள்.

கங்குபாய்க்கு முப்பத்துநான்கோ முப்பத்தைந்தோ இருந்திருக்கும். அவளும் புருஷனும் மாமியாரும் இன்னும் மூன்று பேருமாக ஆறு பேர். யாருமே மிஞ்சாத அந்த ஒன்பது வீடுகளில் அது ஒன்று. மாதம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. உள்ளே கோடு போட முடியாது என்பதால் சமையலறைத் தரையில் காசிபாய் விரலால் காட்டினாள்: இங்கே அடுப்பு, இங்கே தானியப் பானை. நிலநடுக்கத்துக்குப் பிந்திய இந்த நாலரை மாதத்தில் கூரை உள்ள இடத்துக்குள் காசிபாய் வந்ததே அப்போதுதான் என்பது இருவருக்குமே வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. கங்கு வீடு என்பதால் வந்தாள், அவ்வளவுதான்.

அன்று முதல் பெண்கள் சன்னலில் நிற்பதை விட்டுவிட்டார்கள். பின்கதவு வழியாக வந்து மாவு இருக்கிறதா, தயிருக்கு உறை இருக்கிறதா என்று கேட்டார்கள். கோடுகளைக் காற்று அடித்துக்கொண்டு போனது. லாரி சக்கரங்கள் தேய்த்தன. ஆனால் மாதம்மாவுக்கு இப்போது கோடு வேண்டியிருக்கவில்லை. அவள் கையால் இழுத்தவை. எங்கே திரும்ப வேண்டும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. குழாய்க்குப் போகும்போது அனுமார் கோயில் முன்னால் அவளும் முந்தானையை இழுத்துக்கொண்டாள். மரியாதைக்குத்தான் செய்தேன் என்றாள் என்னிடம்.

ஒருநாள் மத்தியானம் அவள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியிலிருந்து யாரோ, “கங்கு,” என்று கூப்பிட்டார்கள். கைவேலையில் இருந்தவள், “வந்தேன்,” என்றாள். சொன்ன பிறகு கை நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்த்தாள். காசிபாய் தூரத்தில் மணல்மேல் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களை ஹரிப்ரசாத் கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தார். குழாயடியில் ஒரு காலிக் குடம் இருந்தது.

பயமாக இருந்ததா என்று கேட்டேன். “பயமில்லீங்க. பஸ்ஸுல உக்காந்திருக்கறப்ப ஒருத்தரு கொஞ்சம் நவுந்து எடம் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி இருந்துச்சு,” என்றாள்.

பத்தாம் நாள் கூடத்தில் ஒரு விபத்து. கிரேனிலிருந்து கூரைப் பலகை ஒன்று நழுவி விழுந்தது. நல்லவேளையாக யார்மேலும் விழவில்லை. ஆனால் தரை அதிர்ந்தது; எட்டு வீட்டின் சன்னல்களும் படபடத்தன. கம்பி அடுக்கின் மேல் நின்றிருந்த சென்னப்பனுக்கு மைதானம் முழுதும் தெரிந்தது. ஹொன்னவாடிக்காரர்கள் எழுந்து ஓடினார்கள். அவர்கள் நின்றது திறந்த வெளி. தலைக்கு மேலே ஆகாயம்தான். எந்தத் திசையில் வேண்டுமானாலும் ஓடலாம். ஆனால் அவர்கள் வலது பக்கம் ஓடி, திரும்பி, ஒருவர் பின் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு, குனிந்து, மறுபடி திரும்பி ஓடினார்கள். மூன்றாம் எண் வீட்டின் பின்கதவு திறந்தது. மாதம்மா வெளியே வந்தாள். அவளும் அந்த வரிசையில் சேர்ந்து, அதே இடங்களில் திரும்பி, அதே இடத்தில் குனிந்து ஓடினாள். கடைசியில் மைதானத்தின் ஒரு மூலையில் பன்னிரண்டு பேரும் ஒட்டி நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஒன்றும் இல்லை.

சென்னப்பன் இறங்கி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “ஏம்புள்ள, எதுக்கு இப்படி வளைஞ்சு வளைஞ்சு ஓடுன?” என்றார்.

“சந்து அப்படித்தானே போவுது,” என்றாள்.

அவள் முகத்தை அப்போது பார்த்ததைச் சென்னப்பன் என்னிடம் சொன்னபோது நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்போதும் வார்த்தை தேடினார். தன்னை அவளுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று என்றார். அன்றே ஹரிப்ரசாதிடம் போய், வேறு வேலை கொடுங்கள், இல்லையென்றால் நாங்கள் போகிறோம் என்றார்.

ஆனால் அதற்குள் ஊர்க்காரர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பலகை விழுந்து தரை அதிர்ந்தும் எட்டு வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று விட்டோபா தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வீடு சரி, சாலைதான் சரியில்லை, சந்து வளைய வேண்டும் என்றார். ஹரிப்ரசாத் நாற்பத்துமூன்று வீட்டின் கணக்கையும் அழகாக வரைந்து மேலே அனுப்பினார். குழாயும் சாக்கடையும் நேர்கோட்டில் முடிவாகிவிட்டன, மாற்ற இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர் அதை ஊர்க்காரர்களிடம் சொன்னார். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்கள்.

கிளம்பும்போது காசிபாய் மாதம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அவள் கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு கொடுத்தாள். உள்ளே சோள விதை. வீட்டுக்குள் வை என்றாள். எந்த வீட்டுக்குள் என்று மாதம்மா கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் பலகைகள் லாரியில் போய்க்கொண்டே இருந்தன. சென்னப்பனின் பேச்சைக் கேட்டு மாதம்மா மூன்றாம் எண்ணைவிட்டுக் காலி செய்து, கூடத்துக் கொட்டகைக்குப் போனாள். 1995 கடைசியில் வேலை முடிந்து கூடத்தைப் பிரித்தார்கள். எட்டு வீடுகளையும் தொழிலாளர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். குடியிருந்தவள் என்பதால் மூன்றாம் எண் அவளுக்குத்தான் என்று எழுதியிருந்தது. அவள் வேண்டாம் என்றாள். சென்னப்பனுக்கும் அதுதான் நிம்மதி. ஏழாம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காரணம் கேட்ட கிளார்க்கிடம், மூன்றாம் எண்ணில் ஆள் இருக்கிறது என்றாளாம். அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலிதான் என்றார்.

மூன்றாம் எண்ணில் பிறகு குண்டலுபேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. ஆண் பஸ் டெப்போவில் வேலை, பெண் தையல். நல்லபடியாக இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் நேரவில்லை. அந்த அம்மாள் ஒருமுறை என்னிடம், இந்த மாதம்மா எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வந்தால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள், ஏன் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

1997 தொடக்கத்தில் ஹரிப்ரசாத் ஹொன்னவாடிக்குப் போய்வந்தார். வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார்; அந்தப் பக்கம் ஏதோ வேலை. திரும்பியதும் எங்கள் தெருவுக்கு வந்து, மாதம்மா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நானும் இருந்தேன். முதல் இரண்டு வருஷம் ஜனங்கள் வீட்டுக்குள் தானியத்தையும் மாட்டையும் வைத்துவிட்டு வெளியே படுத்தார்கள் என்றார். குலுக்கலில் வீடு கொடுத்ததால் அண்ணன் ஒரு மூலையில், தம்பி ஒரு மைலுக்கு அப்பால். பிறகு அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். பழைய ஊரின் இடிபாட்டிலிருந்து கல்லை வண்டியில் கொண்டுவந்து, நாற்பதடிச் சாலையில் குட்டைச் சுவர்கள் எழுப்பிவிட்டார்கள். ஆறாம் குறுக்குத் தெருவில் இப்போது ஜீப் போக முடியாது. நடந்துதான் போக வேண்டும். அதுவும் வலது பக்கம் திரும்பி, இடது பக்கம் திரும்பி.

“நீங்க போட்ட கோடு, மாதம்மா. அப்படியே இருக்கு,” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. கிணற்றிலிருந்து மூன்றாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

அங்கே வீடு இல்லை என்றார் ஹரிப்ரசாத். இரண்டு வீட்டுக்கு நடுவே சாலையில் இடுப்பளவுச் சுவர் கட்டி, ஒரு கதவு நிலை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். கூரை இல்லை. உள்ளே தரையைச் சாணம் போட்டு மெழுகி வைத்திருக்கிறார்கள். யாருமில்லாத மற்ற எட்டு வீட்டுக்கு அடையாளக் கல் மட்டும்தான், இதற்கு மட்டும் ஏன் கதவு நிலை என்று அவர் காசிபாயிடம் கேட்டார். அது மைசூரில் இருக்கிறவளுடையது என்று காசிபாய் சொன்னாள்.

சென்னப்பன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு வருஷம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. விஜயநகர் நாலாம் ஸ்டேஜில் மனை மனையாகக் கோடு போடப் போனாள். தேவராஜ மார்க்கெட்டுக்கு வாரம் ஒருமுறை என்னோடு பஸ்ஸில் வந்து காய் வாங்கினாள். 1998 மார்ச்சில் ஒருநாள், போய்விட்டு வருகிறேன் என்று சென்னப்பனிடம் சொன்னாள். அவர் கூடவே வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றாள். ரயிலிலும் பஸ்ஸிலுமாக இரண்டு நாள் பயணம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று பிறகு கேட்டேன். ஊர் எல்லை வரைக்கும் கேட்டுக் கேட்டுப் போனேன், அதற்கப்புறம் கேட்க வேண்டியிருக்கவில்லை என்றாள்.

ஒன்பது நாள் அங்கே இருந்தாள். அவள் திரும்பும் வரை சென்னப்பன் வேலைக்குப் போகவில்லை. ஹெப்பாள் பஸ் நிறுத்தத்தில் காலையும் மாலையும் போய் நின்றார். பதிமூன்றாம் நாள், பயண அழுக்கோடு அவள் இறங்கியபோது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாராம்.

அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். விட்டோபா செத்துப்போயிருந்தார். காசிபாய்க்கு ஒரு கண் மங்கிவிட்டது. ஊரில் இப்போது எல்லோரும் வீட்டுக்குள்தான் படுக்கிறார்கள். அவளுக்குக் கதவு நிலைக்கு உள்ளே, மெழுகிய தரையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். காசிபாய் துணைக்குப் பக்கத்தில் படுத்தாள். காலையில் பெண்கள் நிலை வழியாகக் குனிந்து உள்ளே வந்து, தயிரும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். சுவர் இடுப்பளவுதான், கையை நீட்டியே கொடுத்திருக்கலாம். ஒருவரும் அப்படிக் கொடுக்கவில்லை.

“என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?” என்று கேட்டேன்.

“பேர் சொல்லி ஆரும் கூப்புடலீங்க,” என்றாள். “ஆனா எல்லாரும் என்னையத்தான் கூப்புட்டாங்க.”

வந்த பிறகு அவளிடம் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சென்னப்பனுக்கு முட்டி வலி. அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டு எட்டு மணிக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். போன வாரம் அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அந்த இடம் இனி என்ன ஆகும் என்று கேட்டேன்.

“கம்பியும் பலகையும் எடுத்து வெச்சிருக்காங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா நாலே நாள்ல கூரை போட்டுருவாங்களாம்,” என்றாள்.

உள்ளே சென்னப்பன் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“நீ என்ன சொன்ன?”

அவள் காம்பை ஒடித்து முறத்தின் ஓரத்தில் போட்டாள். “இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க,” என்றாள்.